கங்கம்மாவின் இடது கன்னம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகம் பத்திரமாக இருக்கிறது. என் நாத்தனாரும் பத்திரமாக இருக்கிறாள். கண்ணாடிப் பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

ஏன் இப்படி ஆரம்பிக்கிறேன் என்றால், போன வாரம் முழுக்க என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் துக்கம் விசாரித்தார்கள். "மியூசியத்தைச் சூறையாடிட்டாங்களாமே?" என்று காய்கறிக்கடையில் ஒரு அம்மா கேட்டார். கேட்டுவிட்டு, கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்தார். வாட்ஸப்பில் பாதிக் கதைதான் வந்திருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

அன்று காலையில் நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். சேலத்திலிருந்து வந்த உறவுக்காரர்களைத் திருமலை பஸ்ஸில் ஏற்றிவிடப் போயிருந்தேன். ஏற்றிவிடுவது என்ன லேசுப்பட்ட காரியமா? ஒருத்தருக்கு ஜன்னல் சீட் வேண்டும், ஒருத்தருக்கு ஜன்னல் சீட்டே ஆகாது. மேலே குளிருமா, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு சித்தி. மே மாத வெயிலில்! ஒருவழியாக பஸ் கிளம்பியது. அப்பாடா என்று ஒரு காபி வாங்கினேன். செல்போன் அடித்தது.

"அண்ணி, எங்க கீற?"

தேவகி. என் கணவரின் தங்கை. சித்தூரில் நம் முனிசிபல் மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். கலை வரலாறு படித்தவள். வேலை நேரத்தில் அச்சடித்த மாதிரி பேசுவாள், தமிழோ தெலுங்கோ. 'கீற' என்று கங்காதர நெல்லூர்ப் பேச்சு அவள் வாயில் வந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

"ஏரிக்கரைப் பேட்டை ஜனம் பூரா இங்க வந்துக்கினு கீது அண்ணி. மேளத்தோட. கங்கம்மா முகத்த உடைக்கணுமாம். நான் கதவச் சாத்திக்கினு உள்ள ஒக்காந்துகினு கீறேன்."

"போலீஸுக்குப் போன் பண்ணினியா?"

"சாமி கும்புட வர்றவங்க மேல போலீஸ எப்டி அண்ணி கூப்புடறது? நீ வா."

நான் போய் என்ன செய்ய முடியும்? தெரியாது. ஆனால் காபியை அப்படியே வைத்துவிட்டு சித்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு 'முகத்தை உடைப்பது' என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக... கங்கம்மா ஜாத்திரை என்கிற அம்மன் திருவிழாவின் கடைசி நாளில், களிமண்ணில் அம்மனுக்குப் பெரிய முகம் செய்வார்கள். பெரியது என்றால், ஒரு ஆள் கட்டிப்பிடித்தாலும் கைக்குள் அடங்காது. கண், மூக்கு, மஞ்சள் பூச்சு, சிவப்புப் பொட்டு எல்லாம் இருக்கும். ஊர் கண்குளிரப் பார்க்கும். அப்புறம் அதை உடைத்துவிடுவார்கள். உடைத்தால்தான் அம்மன் கிளம்பிப் போனதாக அர்த்தம், ஜாத்திரை முடிந்ததாக அர்த்தம். அந்த மண்ணை ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். காய்ச்சல் என்றாலும் பிரசவம் என்றாலும் அதுதான் முதல் மருந்து. டாக்டர் அப்புறம்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வருஷா வருஷம் உடைக்கிற முகத்தில் பழைய முகம் என்று ஒன்று எப்படி மிஞ்சும்?

எங்கள் மியூசியத்தில் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதுதான் வினை.

பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. கோட்டையைப் பார்த்ததும் மியூசியத்தில் இருக்கிற சந்திரகிரிப் படம் ஞாபகம் வந்தது. பெரிய ஆயில் பெயின்டிங். கோட்டைக்கு முன்னால் ஓர் அருமையான தென்னந்தோப்பு. அந்த இடத்தில் எந்தக் காலத்திலும் தென்னந்தோப்பு இருந்ததில்லை! ஓவியருக்கு அங்கே பாறை வரைய அலுப்பாக இருந்திருக்க வேண்டும்.

மியூசியமே அப்படித்தான் உருவானது. ஒரு காலத்து நகராட்சி சேர்மன் தன் மனைவியின் கண் ஆபரேஷனுக்காக மெட்ராஸ் போனாராம். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, ஐயா பொழுது போகாமல் மியூசியம் பார்க்கப் போனார். திரும்பி வந்ததும், "நம்ம ஊருக்கும் ஒண்ணு வேணும்" என்று ஒரே பிடிவாதம். ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார். நல்லதும் வந்தது. பரணில் கிடந்ததும் வந்தது.

அதனால் இன்றைக்கு உள்ளே போனால் காளஹஸ்தி கலம்காரித் துணி அத்தனை அழகாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் தந்தியில்லாத வீணை. செம்மரப் பொம்மைகள் ஒரு அலமாரி நிறைய. மாங்காய் மண்டி முதலாளி ஒருவரின் ஆளுயர ஓவியம் — மீசை மட்டும் தனி ஆள் வரைந்த மாதிரி இருக்கும். வாசலில் வெள்ளைக்காரி மாதிரி ஒரு பிளாஸ்டர் பெண் சிலை. கை உடைந்து யாரோ சிமென்ட் வைத்து ஒட்டியதால் ஊரில் அவளுக்குப் 'புத்தூர்க் கட்டுக்காரி' என்று பெயர். நகராட்சி மாநகராட்சி ஆகிவிட்டது. நாங்கள் இன்னும் முனிசிபல் மியூசியம் என்றுதான் சொல்கிறோம்.

கங்கம்மா முகம் வந்த கதை வேறு. ஏரிக்கரைப் பேட்டையில் ஒரு வருஷம் ஜாத்திரையின் கடைசி நாளில் கோடை மழை கொட்டு கொட்டு என்று கொட்டியது. முகத்தை உடைக்கிற நேரத்தில் ஏரிக்கரை கரைகிறது என்று சத்தம் கேட்டது. மொத்த ஜனமும் மண்வெட்டியும் சாக்குமாக ஓடியது. கரையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் முகம் தகரக் கொட்டகைக்குள் அப்படியே நின்றுவிட்டது. வேளை தப்பிவிட்டது, இனி உடைக்கக் கூடாது என்று ஒரு கட்சி. உடைத்தே ஆகவேண்டும் என்று இன்னொரு கட்சி. சண்டை தீரவில்லை. நம் சேர்மன் நடுவில் புகுந்து, "நான் வெச்சுக்கிறேன்" என்று மியூசியத்துக்குத் தூக்கி வந்துவிட்டார்.

அப்புறம் அது பின்பக்க அறையில், மரப்பெட்டிக்குள், வைக்கோலுக்கு நடுவில் கிடந்தது. பேட்டைக்காரர்களும் மறந்துபோனார்கள். எல்லாரும் நிம்மதியாகத்தான் இருந்தோம்.

தேவகி வந்தாள். பெட்டியைத் திறந்தாள். சொக்கிப்போனாள். இந்தியாவிலேயே இப்படி ஒன்று வேறெங்கும் இருக்காது என்று எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் அவள் அழுததை நானே பார்த்தேன். முன்ஹாலில் கண்ணாடிப் பெட்டி செய்து, லைட் போட்டு, சுற்றுகிற பலகை மேல் அந்த முகத்தை உட்கார வைத்தாள். ஜாத்திரை வருகிறதே என்று ஒரு போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள். மேலே கொட்டை எழுத்தில் — 'உடையாத கங்கம்மா! வந்து பாருங்கள்!'

வந்தார்கள்!

நான் போய்ச் சேர்ந்தபோது மியூசியம் வாசலில் நிற்க இடமில்லை. அன்றைக்குக் காலையில்தான் பேட்டையில் இந்த வருஷத்து முகத்தை உடைத்திருக்கிறார்கள். அந்தக் கையோடு வந்துவிட்டார்கள். வேப்பிலை, மஞ்சள், மேளம், பித்தளைச் செம்பு... பெண்கள் மண்ணை வாங்கிக்கொள்ள முந்தானையைத் தயாராக மடித்து வைத்திருந்தார்கள். புத்தூர்க் கட்டுக்காரியின் ஒட்டுப்போட்ட கையில் யாரோ செருப்புப் பையை மாட்டியிருந்தார்கள்.

முன்னால் சுகுணா டீச்சர். பேட்டை ஸ்கூலில் தெலுங்கு எடுத்து ரிட்டயர் ஆனவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் காது திருகியவர். பக்கத்தில் செங்கல்ராயன். டூவீலர் ஷோரூமில் சேல்ஸ் பார்க்கிறவர். அன்றைக்குப் பட்டுப்புடவை, தலையில் பூ, முகம் முழுக்க மஞ்சள். பேட்டையில் முகத்தை உடைக்கிற உரிமை அவருடைய குடும்பத்துக்கு. பெண் வேஷம் கட்டித்தான் உடைக்க வேண்டும். வேஷத்தைக் கலைக்காமலே வந்துவிட்டார். புடவைக்குக் கீழே ஷோரூம் ஷூ தெரிந்தது.

நான் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டதும் தேவகி கதவைத் திறந்தாள். என் பின்னாலேயே கூட்டமும் உள்ளே புகுந்தது. திறந்தவள் நேராகப் போய்ப் பெட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். ஒல்லியான உடம்பு. அந்தக் கை எதை மறைக்கும்?

"தேவகி காரு, கோபப்படாதீங்க," என்றார் டீச்சர். "நீங்களே போட்டோ போட்டீங்க, உடையாத கங்கம்மான்னு. அத்தப் பாத்ததுலேர்ந்து பேட்டைல யாருக்கும் தூக்கமில்ல. மாமரத்துல காயெல்லாம் கொட்டிப்போச்சு. போர்ல தண்ணி இல்ல. அம்மவாரு ஊருக்குப் போவாம இங்க கண்ணாடிக்குள்ள மாட்டிகினு கீறா. அனுப்பி வைக்க வேணாமா?"

"இது மியூசியத்தோட பொருள், டீச்சர். உடைச்சா மறுபடி கிடைக்காது."

"சாமிய எப்டிம்மா பொருள்னு சொல்ற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

ஒரு கை பட்டால் போதும், கண்ணாடி நொறுங்கிவிடும். அப்புறம் தேவகிக்கு வேலை இருக்காது. வேலை போனால்கூடப் பரவாயில்லை, அந்த முகம் போனால் இவள் எழுந்து நடமாட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். 'எனக்கும் கங்கம்மாவைத் தெரியும், கொஞ்சம் பொறுங்கப்பா' என்கிற மாதிரி எதையோ உளறினேன். ஒருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாரா வாரம் பத்தி எழுதினால் இதுதான் மரியாதை.

அப்போதுதான் செங்கல்ராயன் பேசினார்.

"மேடம், எனக்கு ஒங்க மேல கோவம் இல்ல. எம் பொண்ணுக்கு இது பிரசவ மாசம். மொதல்ல ஒண்ணு தங்காம பூட்ச்சி. இந்த போட்டோவப் பாத்துட்டு அது துன்னமாட்டேங்குது. நைனா, நம்ம கைல முடிக்காம வுட்ட வேலை, அதான் எனக்குத் தங்கலன்னு அழுதுகினே கீது. நான் இன்னா சொல்லட்டும் அதுகிட்ட? சொல்லுங்க."

குங்குமம் வேர்வையில் இறங்கி மஞ்சளோடு கலந்து வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. நான் அதுவரை இவர்கள் எல்லாரும் எதிர்க்கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் யார் பக்கம் நிற்பது என்றே எனக்குத் தெரியவில்லை. உடைக்கவிட்டால் இவள் கதி? உடைக்காவிட்டால் அந்தப் பெண்ணின் கதி?

தேவகியின் கைகள் கீழே இறங்கின. ஊரில் என்னைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அவள் சொன்னாள்.

"அண்ணா... இது முழுசான முகம்கூட இல்ல. பின்னாடி ஏற்கெனவே உடைஞ்சுதான் கீது. ரொம்ப பலவீனம். தொட்டா பொடிஞ்சிடும். அதுக்குத்தான் வேணாம்னு கெஞ்சறேன்."

"உடைஞ்சு கீதா? எங்க?"

அதுதான் மியூசியக்காரர்களின் பழக்கம். எந்தப் பொருளில் மூளி இருக்கிறதோ, அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பிவிடுவார்கள். மூக்கு போன சிலையைப் பக்கவாட்டில் வைப்பார்கள். கிழிந்த துணியைக் கிழிசல் மறைய மடிப்பார்கள். தேவகியும் கங்கம்மாவைக் கொஞ்சம் ஒருக்களித்து, வலது கன்னம் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். போட்டோவும் அந்தப் பக்கத்திலிருந்துதான் எடுத்தாள். இடது கன்னத்தில், காதுக்குக் கீழே, ஒரு கைப்பிடி மண் இல்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பிச் சரிசெய்ய சென்னையில் ஒரு ரிப்பேர் நிபுணரிடம் சொல்லியிருந்தாள். அவர் வருகிறேன், வருகிறேன் என்று சொல்லி ஆளையே காணோம். அவரை நான் திட்டாத நாள் இல்லை.

தேவகி சாவியை எடுத்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்தாள். பலகையை மெதுவாகச் சுற்றினாள். வெளிச்சம் இடது கன்னத்தில் விழுந்தது.

மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார்.

ஒரு இளம்பெண்தான் முதலில் கத்தினாள். "எடுத்துட்டாங்க! கன்னம் எடுத்துட்டாங்க!"

அடுத்த நொடி பெண்கள் குலவையிட்டார்கள் பாருங்கள்... மியூசியத்தில் இப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டிருக்காது. எனக்கும் தேவகிக்கும் ஒன்றும் புரியவில்லை. மிரண்டுபோய் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டோம்.

சுகுணா டீச்சர்தான் சொன்னார். "ஜாத்திரை எப்புடோ அய்ப்போயிந்தி தல்லி! எப்பவோ முடிஞ்சிட்டுது! மொதல்ல எடது கன்னத்துல ஒரு கைப்பிடி எடுக்கணும். அத்த எடுத்துட்டா அம்மவாரு கெளம்பிட்டா. மிச்சத்த ஒடைக்கறது ஜனங்களுக்கு மண்ணு குடுக்கறதுக்குத்தாம்மா. உங்களுக்கு இது தெரியாதா?"

எங்களுக்கு எப்படித் தெரியும்? தேவகி பிறந்த கங்காதர நெல்லூர் பக்கத்தில் அம்மனை உடைக்கிற வழக்கமில்லை, தண்ணீரில் விடுவார்கள். நான் நகரிக்காரி. கன்னம், காது என்கிற கணக்கெல்லாம் எங்கள் இருவருக்குமே பாடத்தில் இல்லை. பேட்டையில் பால்குடி மறந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதை வைத்துக் காவல் காத்தவளுக்குத் தெரியவில்லை. அவள் அதைச் 'சேதம்' என்று நினைத்து வெட்கப்பட்டு மறைத்தாள். மறைத்ததனால்தான் இவர்கள் மேளத்தோடு வந்தார்கள்!

செங்கல்ராயன் ஷூவைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். கையை நீட்டினார். ஆனால் அவர் தொடவில்லை. உள்ளங்கையைக் குழித்து அந்தப் பள்ளத்துக்கு எதிரே பிடித்தார். பள்ளத்துக்குள் விரல் இழுத்த தடங்கள் காய்ந்துபோய் அப்படியே இருந்தன. கட்டைவிரல் அழுத்திய இடம் தனியாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் லேசாக மஞ்சள்.

"எங்காளுங்க கைதான்," என்றார்.

யாருடைய கை? அவருடைய தாத்தாவா, பெரிய தாத்தாவா? யாருக்கும் தெரியாது. கரை உடைகிறது என்று ஊரே ஓடுகிறபோது ஒரு மனுஷன் மட்டும் ஒரு நிமிஷம் நின்றிருக்கிறார். தன் வேலையை முடித்திருக்கிறார். அப்புறம்தான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். பிறகு நடந்த கட்சிச் சண்டையில் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை? சொல்லியிருப்பார், சத்தத்தில் யார் காதில் விழுந்திருக்கும்? கொட்டகை இருட்டில் கன்னத்தை யார் போய்ப் பார்த்திருப்பார்கள்?

செங்கல்ராயன் புடவை இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தார். மகளுக்குப் போன் போட்டார். விரல் எங்கோ பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. ஹால் முழுக்கக் கேட்டது.

"பாப்பா, அம்மவாரு போய்ட்டாம்மா. அப்பவே போய்ட்டா. நம்மாளுங்களே அனுப்பி வெச்சிட்டாங்க. நீ ஒண்ணும் பயப்படாத."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல்.

"நெஜமாவா நைனா?"

"கண்ணால பாத்துகினு கீறேன். போய் எதுனா துன்னு, போ."

நான் அழுதேன். எழுதுவதில் வெட்கம் என்ன? தேவகியும் அழுதாள். கோபமாக வந்த சுகுணா டீச்சர் மூக்கைச் சிந்திவிட்டு, அழுகிற எங்களை "ஏன் அழறீங்க, வரிசையில நில்லுங்க" என்று அதட்டினார். பழக்கதோஷம். ஆனால் பலன் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று, இடது கன்னத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அப்படியே மியூசியத்தையும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கலம்காரியை நின்று பார்த்தார்கள். மண்டி முதலாளியின் மீசையைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஹாலில் அத்தனை பேரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பலகையைச் சுற்றியபோது துளி மண்தூள் கீழே உதிர்ந்திருந்தது. டீச்சர் அதை விரலால் ஒற்றி ஒரு தாளில் மடித்துச் செங்கல்ராயன் கையில் வைத்தார், மகளுக்கு. அந்த நேரம் பார்த்து எங்கள் மியூசியம் பொறுப்பாளருக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அவள் எதையும் பார்க்கவில்லை. இதை அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் ஷோகேஸைத் திறந்து பார்த்தேன். விளிம்பு உடைந்த பீங்கான் ஜாடி சுவரைப் பார்த்து நின்றது. கல்யாணப் போட்டோவில் என் தெற்றுப்பல் தெரியாத போஸ். நாம் எல்லாருமே வீட்டுக்கு வீடு ஒரு மியூசியம்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம், இல்லையா? நல்ல கன்னம் வெளியே, மூளிக் கன்னம் சுவர்ப்பக்கம். அந்த மூளியைப் பார்த்தால்தான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று யாரோ ஒருத்தர் எங்கேயோ காத்திருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. ஜாடியைத் திருப்பி வைத்துவிட்டேன். கல்யாணப் போட்டோவை ஒன்றும் செய்ய முடியவில்லை.

கங்கம்மா இப்போது இடது கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 'உடையாத' என்ற வார்த்தையைத் தேவகி எடுத்துவிட்டாள். போகிறவர்கள் பாருங்கள், விரல் தடம் தெளிவாகத் தெரியும்.

நேற்று அவளுக்குச் சென்னையிலிருந்து போன் வந்ததாம். ரிப்பேர் நிபுணர். தாமதத்துக்கு ஆயிரம் மன்னிப்பு கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் கண்டிப்பா வந்து அந்தக் கன்னத்தைச் சரிபண்ணிடறேன் மேடம்" என்றாராம்.

"சார், நீங்க வராம இருந்ததுக்கு ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம்!